கூலி வாங்காத ஆட்டக்காரர்கள்

சென்ற மாதம் சங்க ஆபீஸில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அதை அங்கேயே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு நூல் மில்லில் டாபர் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் நமது சங்கத்தில் இருக்கிறார். சிறு வயதில் ஆபீஸர்கள் கிளப்பில் பந்து பொறுக்கிப் போடும் பையனாக இருந்தவர். ஆபீஸர்கள் வராத மத்தியான வெயிலில், நரம்பு அறுந்ததென்று அவர்கள் தூக்கி எறிந்த மட்டையை வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆடப் பழகினார். இப்போது நன்றாக ஆடுகிறார் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். பக்கத்து ஊரில் ஓர் அமெச்சூர் டென்னிஸ் போட்டி நடக்கப் போவதை அறிந்து, கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்தார். அந்த வாரம் அவருக்கு முழு நைட். ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார், நடக்கவில்லை. காலையில் மில் கேட்டை விட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, ஒன்பது மணிக்குக் கோர்ட்டில் போய் நின்றார். எதிரே நின்றவர் ஒரு கல்லூரி மாணவர். இரவு முழுவதும் தூங்கி எழுந்து, வீட்டுக் காரில் வந்து இறங்கியவர். 6-2, 6-1. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் நம் தோழரின் தலைமயிரில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

இதை அவர் சங்க ஆபீஸில் சொன்னபோது, வயதான தோழர் ஒருவர் சிரித்தார். “அது துரைமார் ஆட்டம் தம்பி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், நடுவில் வலை. நமக்கு எதுக்கு? ஆடணும்னா கபடி ஆடு, வாலிபால் ஆடு. அதுக்கு மட்டை வேண்டியதில்லை, மயிரும் வேண்டியதில்லை” என்றார். இன்னொரு தோழர் வேறு மாதிரி சொன்னார்: “தோத்ததுக்கு நைட் ஷிப்டைச் சொல்லாதே. அவன் பயிற்சி எடுத்தான், நீ எடுக்கல. அமெச்சூர்னா எல்லாரும் சமம்தானே? யாருக்கும் சம்பளம் கிடையாதே!”

அந்த வாலிபர் பதில் சொல்லவில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வயதான தோழர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டாவது தோழர் சொன்னது முழுப் பொய். ஆனால் அது அவருடைய பொய் அல்ல. சுமார் நூறு வருஷ காலம் சீமையில் கனவான்கள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்த பொய். அந்தப் பொய்யின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1874

புல்தரை டென்னிஸுக்குப் பிறந்த வருஷம் 1874 என்று சொல்லலாம். இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்டு என்ற ராணுவ அதிகாரி அவ்வாண்டு பிப்ரவரியில் இந்த ஆட்டத்துக்கு ஒரு காப்புரிமை பெற்றார். வலை, கம்பங்கள், மட்டைகள், பந்துகள், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்து விற்றார். பெட்டி விலை ஐந்து கினி. அதாவது 105 ஷில்லிங்.

அதே வருஷத்தில், அதே இங்கிலாந்தில், கிழக்கு மாகாணங்களில் வேறொரு சம்பவம் நடந்தது. ஜோசப் ஆர்ச் என்ற பண்ணைத் தொழிலாளியின் தலைமையில் 1872-இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. ஸஃபோக் பகுதித் தொழிலாளர்கள் வாரக் கூலியை 13 ஷில்லிங்கிலிருந்து 14 ஷில்லிங்காக உயர்த்தும்படி கேட்டார்கள். ஒரே ஒரு ஷில்லிங். பண்ணையார்கள் கதவடைப்புச் செய்தார்கள். கோடைக்காலம் வரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையின்றிக் கிடந்தன. கடைசியில் சங்கம் பணம் தீர்ந்து பின்வாங்க நேர்ந்தது.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து கினிப் பெட்டியின் விலை, அந்தத் தொழிலாளியின் எட்டு வாரக் கூலி. எட்டு வாரம் ஒரு வாய் சோறும் தின்னாமல் சேர்த்தால் ஒரு பெட்டி வாங்கலாம். வாங்கினாலும் விரிப்பதற்குப் புல்தரை வேண்டும். புல்தரை இருப்பது யாரிடம்? அவனைக் கதவடைப்புச் செய்த அதே பண்ணையாரின் பங்களாவில்.

மூன்று வருஷம் கழித்து, 1877-இல், விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு கினி. மட்டையும், குதி இல்லாத செருப்பும் அவரவரே கொண்டுவர வேண்டும். ஸ்பென்சர் கோர் என்பவர் ஜெயித்தார். அன்று ஆடியவர்கள் யாரும் பிழைப்புக்காக ஆடவில்லை; பிழைப்பு அவர்களுக்குப் பரம்பரையாக வந்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. புல்லின் மேல் துள்ளும் பந்து ரப்பர் இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் டன்லப் கம்பெனி டென்னிஸ் பந்தும் செய்தது, மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களும் வைத்திருந்தது. மலேயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? தஞ்சாவூரிலும் சேலத்திலும் இருந்து கப்பலேறிப் போன நம் ஜனங்கள். ஆகவே, “நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்று வயதான தோழர் சொன்னதை நான் முழுவதும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

அமெச்சூர் என்றால் என்ன?

அமெச்சூர் என்பது பிரெஞ்சுச் சொல். லத்தீனில் அன்பு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. ஆசைக்காக ஆடுகிறவன் என்று அர்த்தம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் சீமைக் கனவான்கள் அதற்குச் சட்டம் எழுதியபோது வேறு அர்த்தம் வந்தது.

மிகவும் பச்சையாக எழுதியவர்கள் படகுப் போட்டிக்காரர்கள். ஹென்லி என்ற ஊரில் நடக்கும் படகுப் பந்தயத்துக்கு 1879-இல் ஒரு விதி போட்டார்கள். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைத்தொழிலாளி, உடலுழைப்பாளி யாரும் அமெச்சூர் ஆக மாட்டார். எப்போதாவது அப்படி வேலை செய்திருந்தாலும் ஆக மாட்டார். பந்தயத்தில் பணம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. கையால் உழைத்துச் சாப்பிட்டிருந்தாலே போதும், வெளியே நில்! 1920-இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் இந்தப் பந்தயத்துக்கு விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டார். அவருடைய படகு கிளப்பின் மீது பழைய தடை ஒன்று இருந்தது. அதோடு அவர் கையால் உழைத்தவர் என்பதும் காரணமாகக் குறிக்கப்பட்டது. அவர் செங்கல் கட்டும் கொத்தனார். அதே ஆண்டில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் வாங்கினார். உடலுழைப்பாளியை விலக்கும் அந்த வாசகத்தை ஹென்லிக்காரர்கள் எடுத்தது 1937-இல்தான்.

டென்னிஸ்காரர்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதவில்லை. அவர்கள் விதி நாசூக்கானது: ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது, சொல்லிக் கொடுப்பதற்கும் பணம் வாங்கக் கூடாது, வாங்கினால் பெரிய போட்டிகளில் இடமில்லை. இது எல்லோருக்கும் பொதுவான விதி. எஸ்டேட் முதலாளி மகனுக்கும் இதே விதி. மில் தொழிலாளி மகனுக்கும் இதே விதி. சமத்துவம்!

ஒரு போட்டிக்குத் தயாராவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். டென்னிஸ் போட்டி நாக்-அவுட் முறையில் நடப்பது. ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சிறிய போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட வரும். கால் ஓய்ந்தால் கை போகும். கை போனால் சர்வீஸ் போகும். ஆகவே தினம் இரண்டு மணி நேரமாவது கோர்ட் வேண்டும். தனியாக ஆட முடியாது. சமமாக ஆடும் ஜோடி ஒருவர் வேண்டும், அவருக்கும் அந்த நேரத்தில் ஓய்வு இருக்க வேண்டும். டின்னைத் திறந்த சில நாட்களில் பந்து செத்துப் போகும். சிமென்ட் தரையில் ஷூ தேயும். மட்டையின் நரம்பு அறுந்தால் திரும்பக் கட்டக் கூலி. பிறகு பால், முட்டை, தூக்கம். இவை எதற்கும் சம்பளம் கிடையாது என்றால், இவற்றை எவன் செய்ய முடியும்? ஆசை உள்ளவன் அல்ல, தோழர்களே. அவகாசம் உள்ளவன்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகன்

இனி ஓர் ஆளைப் பற்றிச் சொல்லுகிறேன். பிரெட் பெர்ரி. 1909-இல் ஸ்டாக்போர்ட் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் சாமுவேல் பெர்ரி பத்து வயதில் பஞ்சாலைக்குள் போனவர். அந்தக் காலத்து வழக்கப்படி பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம். பிறகு கூட்டுறவு இயக்கத்தில் ஊழியராகி, கூட்டுறவுக் கட்சியின் தேசியச் செயலாளராகி, 1923-இலும் 1929-இலும் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் குடும்பம் லண்டனுக்கு அருகில் பிரென்தம் என்ற குடியிருப்பில் வந்து தங்கியது. இது குடியிருப்போரே பங்கு போட்டுக் கூட்டுறவு முறையில் கட்டிக்கொண்ட வீடுகள். அங்கே குடியிருந்தவர்களுக்கென்று பொதுவான மன்றமும் டென்னிஸ் கோர்ட்டுகளும் இருந்தன. பிரெட் பெர்ரி மட்டை பிடித்தது அங்கேதான். பிரபுவின் புல்தரையில் அல்ல, கூட்டுறவுக்காரர்களின் கோர்ட்டில். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் மறக்காமலிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திறமை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. விழுந்தாலும் அது ஊன்றுவதற்கு ஒரு தரை வேண்டும்.

முதலில் மேஜை டென்னிஸ் ஆடினார். 1929-இல் புடாபெஸ்டில் உலகச் சாம்பியன் ஆனார். அப்புறம் அதை விட்டுவிட்டுப் புல்தரைக்கு வந்தார். எப்படித் தயாரானார் என்பதுதான் முக்கியம். மேஜை ஆட்டத்தில் பந்து எழும்பும்போதே அடிக்க வேண்டும். அதே வித்தையைப் பெரிய கோர்ட்டில் செய்தால் என்ன? பந்து தரையில் பட்டு மேலே வந்து, உச்சிக்குப் போய், இறங்கும்போது அடிப்பதுதான் அன்று பெரும்பாலோர் வழக்கம். பெர்ரி அது எழும்பும்போதே அடிக்கப் பழகினார். இதனால் எதிராளிக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு துளி குறைகிறது. அந்தத் துளிதான் எல்லாம். ஸ்பின்னிங்கில் சைடர் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை அறுந்ததும் கை போவதற்கும், ஒரு கணம் தாமதித்துப் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஒரே அடிக்காக மாதக்கணக்கில் உழைத்தார். ஆரம்பத்தில் பந்தெல்லாம் கோர்ட்டுக்கு வெளியே பறந்தது. ஒரு நாள் திடீரென்று கை பிடிபட்டது.

உடம்புக்கு அவர் போன இடம் கனவான்கள் கிளப் அல்ல. அர்சனல் கால்பந்துக் குழுவுடன் சேர்ந்து பயிற்சி செய்தார். அங்கே இருந்தவர்கள் வாரச் சம்பளத்துக்கு ஆடும் தொழில் ஆட்டக்காரர்கள். ஐந்து செட் ஓடினாலும் களைக்காத கால் அவருக்கு அங்கே கிடைத்தது.

மாதக்கணக்கில் வேலையை விட்டு ஒரே அடியைப் பழகச் சோறு போட்டது யார்? தகப்பனார். கூட்டுறவு இயக்கத்தில் நல்ல பதவிக்கு வந்துவிட்ட ஒரு தகப்பன் இல்லாமலிருந்தால் பெர்ரி இல்லை. ஸ்டாக்போர்ட் மில்லிலேயே இருந்துவிட்ட மற்றப் பையன்களில் எத்தனை பெர்ரிகள் இருந்தார்களோ, யார் கண்டது!

1934-இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிராஃபோர்டை 6-3, 6-0, 7-5 என்று தோற்கடித்தார். 1909-க்குப் பிறகு ஓர் ஆங்கிலேயர் அந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை. நாடே தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்க வேண்டும் அல்லவா? உடை மாற்றும் அறையில் நடந்ததைப் பெர்ரியே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கமிட்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்து, தோற்றுப்போன கிராஃபோர்டுக்கு ஷாம்பெயின் கொடுத்து, இன்று நல்லவர் ஜெயிக்கவில்லை என்று ஆறுதல் சொன்னாராம். சாம்பியனுக்குரிய கிளப் கழுத்துப் பட்டை ஒரு நாற்காலி மேல் கிடந்ததாம். கையில் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

1935, 1936 இரண்டு வருஷமும் அவரே ஜெயித்தார். நான்கு வருஷம் டேவிஸ் கோப்பையையும் பிரிட்டனுக்கு வாங்கிக் கொடுத்தார். கிடைத்த வருமானம்? விதிப்படி ஒன்றுமில்லை. 1936 முடிவில் தொழில் ஆட்டக்காரராக மாறினார். 1937 ஜனவரியில் நியூயார்க்கில் முதல் ஆட்டம் ஆடினார். விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியை ரத்து செய்தது. மூன்று முறை பட்டம் வென்றவருக்கு வாசற்படி இல்லை! 1984-இல்தான் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, கழுத்துப் பட்டையும் வேண்டியதில்லை. அவருக்கு அடுத்தபடியாக ஒரு பிரிட்டிஷ்காரர் ஆடவர் ஒற்றையர் பட்டம் வாங்க 77 வருஷம் ஆயிற்று. 2013-இல் ஆண்டி மர்ரே.

பருத்திக் காட்டிலிருந்து

சாமுவேல் பெர்ரி நூற்ற பஞ்சு எங்கே விளைந்தது? லங்காஷயர் மில்களுக்கு வெகுகாலம் பஞ்சு வந்தது அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து. அங்கே, தென் கரோலினாவில் சில்வர் என்ற ஊரில், 1927-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆல்தியா கிப்சன். தாய் தகப்பன் இருவரும் நீக்ரோ வாரக் குத்தகைக்காரர்கள் என்று அந்தக் காலத்துப் புத்தகங்கள் எழுதும். கறுப்பின மக்கள் என்று இன்று சொல்கிறோம். நிலம் பிறனுடையது, விதை கடன், விளைந்த பருத்தியில் பங்கு. வாரச் சாகுபடி என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டுப்படியாகாமல் அந்தக் குடும்பம் 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் குடியிருந்த 143-வது தெருவை விளையாட்டுத் தெரு என்று வண்டி வராமல் அடைத்திருந்தார்கள். அங்கே சாலையில் கோடு போட்டு மரப்பலகையால் ஆடும் ஆட்டம் ஒன்று நடக்கும். அந்தப் பெண் அதில் எல்லோரையும் தோற்கடித்தாள். பட்டி வாக்கர் என்ற வாத்தியக் கலைஞர், விளையாட்டு இடத்தில் மேற்பார்வை வேலையும் பார்த்தவர், பழைய மட்டைகளை வாங்கிக் கொடுத்துச் சுவரில் அடித்துப் பழகச் சொன்னார். பிறகு ஹார்லெம் ஜனங்கள் காசு போட்டு ஒரு கறுப்பின டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். சொல்லிக் கொடுத்த பிரெட் ஜான்சனுக்கு ஒரே ஒரு கை. பிறகு தெற்கே இரண்டு கறுப்பின டாக்டர்கள், ஈட்டன், வால்டர் ஜான்சன் என்பவர்கள், வீட்டில் வைத்துச் சோறு போட்டு, படிக்க வைத்து, போட்டிகளுக்குக் காரில் அழைத்துப் போனார்கள். ஒரு தகப்பனால் ஆகாததைக் கையிலிருந்ததைப் பகிர்ந்துகொண்ட ஒரு சமூகம் செய்தது.

டாக்டர் ஜான்சன் தம் சீடர்களைத் தயார் செய்த விதம் அலாதியானது. கோடு ஓரத்தில் விழும் பந்து இரண்டு அங்குலம் வெளியே போயிருந்தாலும் உள்ளே விழுந்ததாக எண்ணித் திருப்பி அடி, அம்பயர் தப்பாகச் சொன்னால் வாய் திறக்காதே, முகம் சுளிக்காதே. ஏன்? கறுப்புப் பிள்ளை ஒரு தடவை கோபப்பட்டால் போதும், கதவை மறுபடியும் சாத்திவிடுவார்கள். வெள்ளைப் பிள்ளைகள் ஃபோர்ஹேண்ட் பழகிய நேரத்தில் இந்தப் பிள்ளைகள் பொறுமையைப் பழக வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பண்ணையில் துண்டை இடுப்பில் கட்டி நின்ற தலைமுறை நம் வீடுகளிலும் உண்டு.

கறுப்பினத்தாரின் சொந்தச் சங்கப் போட்டியில் 1947 முதல் பத்து வருஷம் தொடர்ந்து கிப்சனே சாம்பியன். ஆனால் அமெரிக்க தேசியப் போட்டிக்கு அவருக்கு அழைப்பு இல்லை. தடை என்று எங்கும் எழுதவில்லை. தகுதிக்கு வேண்டிய போட்டிகள் நடந்த கிளப்புகளில் கறுப்பருக்கு இடமில்லை, அவ்வளவுதான். 1950-இல் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் இந்தக் கபடத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. அவ்வருஷம் இரண்டாவது சுற்றில் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரவுவை எதிர்த்து மூன்றாவது செட்டில் 7-6 என்று முன்னால் நின்றார் கிப்சன். அப்போது இடி, மின்னல், மழை. ஆட்டம் மறுநாளைக்குப் போயிற்று. 9-7 என்று தோற்றார்.

1956-இல் பிரெஞ்சுப் பட்டம். 1957-இலும் 1958-இலும் விம்பிள்டன் பட்டம், அமெரிக்கப் பட்டம். ராணி கையால் தட்டு வாங்கினார். நியூயார்க் வீதியில் காகிதம் தூவி ஊர்வலம் விட்டார்கள். சாப்பாட்டுக்கு? அமெச்சூர் ஆயிற்றே! உலகத்தின் முதல் ஆட்டக்காரி தினச் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. 1958-க்குப் பிறகு அமெச்சூர் ஆட்டத்தை விட்டார். ஒரு கூடைப்பந்து வேடிக்கைக் குழு ஊர் ஊராகப் போகும்போது, அதற்கு முன் காட்சி ஆட்டம் ஆடிச் சம்பாதித்தார். 1990-களில் நோயிலும் வறுமையிலும் விழுந்தபோது கைகொடுத்தவர் அவருடைய பழைய இரட்டையர் ஜோடி ஆஞ்செலா பக்ஸ்டன், ஒரு யூதப் பெண்மணி. 2003-இல் கிப்சன் காலமானார்.

பொய் உடைந்த கதை

இதற்குள் அமெச்சூர் வேஷம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்குப் போட்டிக்காரர்கள் மேஜைக்கு அடியில் பணம் கொடுத்தார்கள். கணக்கில் ‘செலவு’ என்று எழுதினார்கள். விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் பெயருக்கு ஒரு வேலை கொடுத்தன. சோஷலிஸ்டு நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு அரசாங்கம் சோறு போட்டது. அது நல்ல காரியம்தான், ஆனால் போட்டித் தாளில் அவர்களும் அமெச்சூர் என்றே பதிந்தார்கள். நாம் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்மவர் ராமநாதன் கிருஷ்ணனையும் இங்கே நினைக்க வேண்டும். நாகர்கோவிலில் பிறந்தவர், தகப்பனார் டி.கே. ராமநாதனிடமே ஆட்டம் கற்றவர். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டனில் அரையிறுதி வரை போனார். தொழில் ஆட்டத்துக்கு அழைத்து ஜாக் கிரேமர் பெருந்தொகை பேசியபோது, டேவிஸ் கோப்பையில் தேசத்துக்கு ஆட முடியாமல் போகும் என்று மறுத்துவிட்டார். 1966-இல் இந்தியா அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது. இப்படி ஒரு மனிதனைத் தேசமா, சோறா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

1968 மார்ச்சில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் பாரிஸில் கூடித் திறந்த போட்டிகளை அனுமதித்தது. அந்த வருஷம் விம்பிள்டனில் ஆடவர் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன். அதே கோர்ட், அதே வலை, அதே வேர்வை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சம பரிசுக்கு அமெரிக்கப் போட்டியில் 1973 வரையிலும், விம்பிள்டனில் 2007 வரையிலும் போராட வேண்டியிருந்தது.

அதே 1968-இல் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றவர் ஆர்தர் ஆஷ். அவரும் டாக்டர் ஜான்சனின் சீடர். ரிச்மாண்டில் கறுப்பர்களுக்கென ஒதுக்கிய பூங்காவில் காவல்காரராக இருந்தவரின் மகன். ராணுவத்தில் இருந்த ஆஷ் அமெச்சூராகப் பதிந்திருந்தார். ஆகவே ஜெயித்தவருக்குரிய 14,000 டாலர் அவரிடம் தோற்ற டாம் ஒக்கருக்குப் போயிற்று. ஆஷுக்குக் கிடைத்தது தினப்படி 20 டாலர்.

பணம் வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. உச்சியில் கோடி, அடியில் கடன். சர்வதேச சம்மேளனத்தின் ஆய்வு ஒன்று 2013-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தது: உலக வரிசையில் ஆடவரில் 336-வது இடத்துக்குள், பெண்களில் 253-வது இடத்துக்குள் இருந்தால்தான் பரிசுப் பணம் பிரயாணச் செலவுக்குக் கட்டும். உலகத்தில் நானூறாவது ஆள் நஷ்டத்தில் ஆடுகிறான்! நானூறாவது வக்கீல், நானூறாவது டாக்டர் நஷ்டத்திலா இருக்கிறார்?

நாம் என்ன செய்யலாம்?

அந்த வாலிபர் விம்பிள்டன் போவார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே அந்த எண்ணம் இல்லை. ஓய்வு நேரத்தில் ஆட விரும்புகிறார். போட்டி என்று வந்தால் தூங்கி எழுந்து ஆட விரும்புகிறார். இது பேராசையா? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் இஷ்டம் என்று சொல்லித்தானே நம் முன்னோர் மே தினம் கொண்டாட ஆரம்பித்தார்கள்? மூன்றாவது எட்டில் கூட்டமும் ஊர்வலமும் மட்டுமா இருக்க வேண்டும்?

1930-களில் பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்தார் தாங்களே டென்னிஸ் போட்டி நடத்தினார்கள். தொழிலாளர் விம்பிள்டன் என்றே அதற்குப் பெயர் வந்தது. வியன்னாவில் 1931-இலும், ஆன்ட்வெர்ப்பில் 1937-இலும் தொழிலாளர் ஒலிம்பிக்குகள் நடந்தன. கனவான்கள் வாசலில் நிற்க வைத்தபோது அவர்கள் வேறு வீடு கட்டினார்கள்.

கபடியைப் பற்றி வயதான தோழர் சொன்னதற்கு நான் விரோதி அல்ல. நானும் ஆடியவன்தான், முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஆனால், “இது உன் ஆட்டம், அது அவர்கள் ஆட்டம்” என்று பிரித்து வைத்தது யார்? ஹென்லிக்காரர்கள் எழுதிய விதியை நாம் ஏன் நம் பையனுக்கு வாசிக்க வேண்டும்?

ஆகவே கமிட்டியில் இரண்டு யோசனை வைத்திருக்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில், விளையாட்டுப் போட்டிக்குப் போகும் தொழிலாளிக்கு முந்தின நாள் ஷிப்டு மாற்றம், போட்டி நாளுக்குச் சம்பளத்துடன் லீவு என்பதைச் சேர்க்க வேண்டும். சிலர் சிரித்தார்கள், சேர்க்கத்தான் போகிறோம். இரண்டாவது, நகராட்சி மைதானத்துக் கோர்ட்டை மாலை ஆறு மணிக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு மகஜர். கையெழுத்து வாங்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. இதுவரை 140 பேர் போட்டிருக்கிறார்கள். வயதான தோழரும் போட்டார். போடும்போது, “அந்தப் பந்து ஒரு டின் என்ன விலைப்பா?” என்று கேட்டார்.

அந்த வாலிபருக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு. சாயங்காலம் ரேஷன் கடைச் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கடைக்காரர் சத்தம் போடுகிறாராம். அதையும் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும்.